இதயத்தின் தலைமதகு: லெஃப்ட் மெயின் அடைப்பு பற்றி ஓர் எளிய விளக்கம்

இதயத்தின் ரத்தக் குழாய்களைச் சாயம் செலுத்திப் படமெடுக்கும் ஆஞ்சியோகிராம் பரிசோதனையின் அறிக்கையைக் கையில் வாங்கிப் பார்த்தால், ரத்தக் குழாய்களின் வரிசையில் பெரும்பாலும் முதலில் வருவது 'லெஃப்ட் மெயின்' என்ற பெயர். பலருக்கு அதற்கு நேரே 'இயல்பு' என்று எழுதியிருக்கும். கண் அதைத் தாண்டி அடுத்த வரிக்குப் போய்விடும். ஆஞ்சியோ செய்துகொள்பவர்களில் நூற்றுக்கு ஐந்து பேர் அளவுக்குத்தான் அந்த இடத்தில் பொருட்படுத்த வேண்டிய அடைப்பு இருக்கும். இருந்துவிட்டால் பேச்சின் தொனியே மாறிவிடும். மாத்திரை, ஸ்டென்ட் (குழாயை விரித்துத் தாங்கும் சிறு வலைக்குழாய்) என்று சாதாரணமாகப் பேசிக்கொண்டிருந்த மருத்துவர் பைபாஸ் அறுவை பற்றிப் பேசத் தொடங்குவார். வீட்டார் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். அவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். ஒரு சென்டிமீட்டர் நீளக் குழாய்க்கு ஏன் இத்தனை கவனம், அங்கே அடைப்பு இருப்பதை எப்படி உறுதி செய்கிறார்கள், என்னென்ன வழிகள் உண்டு என்பது தெரிந்தால், அந்த அறையில் திகைத்து நிற்காமல் கேட்க வேண்டியதைக் கேட்க முடியும்.

ஒரு சென்டிமீட்டர் குழாய்

இதயம் உடல் முழுவதற்கும் ரத்தத்தைத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. ஆனால் தன் அறைகளில் நிறைந்திருக்கும் ரத்தத்தைக் கொண்டே அதன் தடித்த தசை பசியாறிவிட முடியாது. அதற்கென்று தனிக் குழாய்கள் வேண்டும். இதயத்திலிருந்து மகாதமனி கிளம்பும் இடத்திலேயே, வால்வுக்குச் சற்று மேலே, வலப்பக்கம் ஒன்றும் இடப்பக்கம் ஒன்றுமாக இரண்டு குழாய்கள் பிரிகின்றன. இடப்பக்கக் குழாயின் அடித்தண்டுதான் லெஃப்ட் மெயின், அதாவது இடது முதன்மைத் தமனி. சராசரி நீளம் ஒரு சென்டிமீட்டர். விட்டம் 4 முதல் 5 மில்லிமீட்டர். அவ்வளவு தூரம் போனதும் அது இரண்டாகக் கிளைக்கிறது: இதயத்தின் முன்பக்கமாக இறங்கும் எல்ஏடி, இடப்பக்கமாகச் சுற்றிப் பின்னால் போகும் சர்க்கம்ஃப்ளெக்ஸ். சிலருக்கு நடுவில் மூன்றாவதாக ஒரு கிளையும் உண்டு. மிகச் சிலருக்கு இந்த அடித்தண்டே இருக்காது. இரண்டு கிளைகளும் மகாதமனியிலிருந்து நேராகத் தனித்தனியே புறப்படும்.

உடலுக்கு ரத்தம் அனுப்பும் கடினமான வேலையைச் செய்வது இதயத்தின் இடது கீழறை. அதன் தசைக்குப் போகும் ரத்தத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு இந்தச் சிறு தண்டின் வழியாகத்தான் போக வேண்டும். சிலருடைய அமைப்பில் கிட்டத்தட்ட முழுவதுமே. பாசனக் கால்வாயை நினைத்துப் பாருங்கள். கிளை வாய்க்காலில் மண் சேர்ந்தால் கடைமடை வயல் ஒன்று காயும். தலைமதகே அடைபட்டால் அதன் கீழுள்ள வயல் அத்தனையும் காயும். இந்த நோயைப் பற்றி இனிச் சொல்லப்போகும் எல்லாமே, பரிசோதனைகள் ஏமாற்றுவதும் சிகிச்சை பற்றிய வாதமும் உட்பட, இந்த இருப்பிடத்திலிருந்துதான் பிறக்கிறது.

50 சதவீதம் என்றால் பாதியா?

மற்ற இதயக் குழாய்களில் 70 சதவீத அடைப்பைத்தான் பெரும்பாலும் கடுமையானது என்பார்கள். லெஃப்ட் மெயினுக்கு மட்டும் 50 சதவீதமே போதும். 'பாதி வழி திறந்துதானே இருக்கிறது?' என்று கேட்கத் தோன்றும். இங்கே ஒரு கணக்கைப் பார்த்துவிடுவது நல்லது, ஏனென்றால் அறிக்கையில் உள்ள சதவீதம் குழாயின் விட்டத்தைக் குறிக்கிறது. 4.5 மில்லிமீட்டர் விட்டமுள்ள நல்ல குழாயின் உட்பரப்பு ஏறக்குறைய 16 சதுர மில்லிமீட்டர். விட்டம் பாதியானால் பரப்பு பாதியாவதில்லை. கால்வாசியாகி, 4 சதுர மில்லிமீட்டரில் வந்து நிற்கும். அதாவது 50 சதவீத அடைப்பு என்று எழுதியிருந்தால் ரத்தம் போகும் வழியில் முக்கால் பங்கு போய்விட்டது என்று பொருள்.

அப்படியும் உட்கார்ந்திருக்கும்போது ஒன்றும் தெரியாது. ஓய்வில் இதயத்தின் தேவை குறைவு. இருக்கும் வழியே போதும். மாடிப்படி ஏறும்போதுதான் சிக்கல். இதயத் தசைக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. அது சுருங்கும்போது தன் குழாய்களைத் தானே நெரித்துக்கொள்கிறது. ஆகவே இடது கீழறைக்கு ரத்தம் பாய்வது பெரும்பாலும் அது தளர்ந்து ஓய்வெடுக்கும் நொடிப்பொழுதில்தான். துடிப்பு வேகமாகும்போது அந்த இடைவெளி சுருங்கிவிடும். தேவை கூடும் அதே வேளையில் வாங்கிக்கொள்ளும் நேரம் குறைகிறது. நடந்தால் வலித்து, நின்றால் விடும் நெஞ்சுவலியின் காரணம் இது.

அடைப்பு உண்டாவது மற்றக் குழாய்களில் நடப்பதைப் போலத்தான். குழாய்ச் சுவரில் கொழுப்பு படிந்து, அழற்சி சேர்ந்து, சில இடங்களில் சுண்ணாம்பும் இறுகிப்போகிறது. புகையிலை, சர்க்கரை நோய், ரத்த அழுத்தம், கெட்ட கொழுப்பு, பரம்பரை என்ற காரணங்கள் எல்லோருக்கும் தெரிந்தவையே. குறிப்பாகக் கவனிக்க வேண்டியது இடம். லெஃப்ட் மெயின் அடைப்புகளில் பெரும்பாலானவை அது இரண்டாகப் பிரியும் முனையில்தான் இருக்கின்றன. நீர் பிரியுமிடத்தில் சுழல் உண்டாவதுபோல் அங்கே ஓட்டம் ஒழுங்கு குலைகிறது. படிவு சேர வசதியாகிறது. கிளைமுனையில் அடைப்பு இருப்பது ஸ்டென்ட் வைப்பதை எவ்வளவு கடினமாக்குகிறது என்பதைப் பிறகு பார்ப்போம். அரிதாக, மார்புக்குக் கொடுத்த கதிர்வீச்சாலும், டகயாசு நோய் போன்ற குழாய் அழற்சிகளாலும் இந்த இடம் சுருங்குவதுண்டு. லெஃப்ட் மெயினில் மட்டும் அடைப்பு இருப்பவர்கள் குறைவு. பெரும்பாலானவர்களுக்கு மற்றக் குழாய்களிலும் இருக்கும்.

சோதனைகள் சொல்வதும் மறைப்பதும்

அறிகுறிகளை வைத்து லெஃப்ட் மெயின் என்று கண்டுபிடிக்க முடியாது. நடுநெஞ்சில் அழுத்தம், இடது கை அல்லது தாடை வரை பரவும் வலி, சிறிது தூரம் நடந்தாலே மூச்சு வாங்குவது: எந்த இதயக் குழாய் அடைத்தாலும் இவையே வரும். சர்க்கரை நோயாளிகளுக்கும் பெண்களுக்கும் வலியே இல்லாமல் களைப்பும் மூச்சிரைப்பும் மட்டும் இருப்பதுண்டு. இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. ஆங்கிலத்தில் இந்த அடைப்புக்கும் எல்ஏடியின் தொடக்கத்தில் வரும் அடைப்புக்கும் 'மனைவியை விதவையாக்குவது' என்ற பொருளில் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தப் பெயர் எனக்குப் பிடிக்கவில்லை. ஆண்களுக்கு மட்டுமே வருவது என்ற எண்ணத்தை அது விதைத்துவிடுகிறது. களைப்பு என்று சொல்லும் ஒரு பெண்ணுக்கு ஈசிஜி எடுக்கத் தோன்றாமல் போவது அப்படித்தான்.

ஈசிஜி சில வேளைகளில் நேரடியாகவே துப்புக் கொடுக்கும். வலி இருக்கும்போது எடுத்த ஈசிஜியில் ஆறு அல்லது அதற்கு மேற்பட்ட லீடுகளில் (இதயத்தைப் பல கோணங்களில் பதியும் வரிகளில்) எஸ்டி என்ற கோட்டுப் பகுதி கீழே இறங்கியிருந்து, ஏவிஆர் என்ற லீடில் மேலே ஏறியிருந்தால், இடது கீழறை முழுவதுமே ரத்தத்துக்குத் தவிக்கிறது என்று மருத்துவர் புரிந்துகொள்வார். லெஃப்ட் மெயின் அல்லது மூன்று குழாய்களிலும் கடும் அடைப்பு என்ற சந்தேகம் உடனே எழும். ஆனால் வலியில்லாத நேரத்தில் எடுத்த ஈசிஜி முற்றிலும் இயல்பாக இருக்கலாம். அதைக் காட்டி 'ஒன்றுமில்லை' என்று யாரும் நிம்மதி அடைந்துவிடக் கூடாது.

டிரெட்மில் சோதனையில் நடக்க நடக்க ரத்த அழுத்தம் ஏற வேண்டும். ஏறாமல் இறங்கினால் அது பெரிய எச்சரிக்கை. சோதனையை அங்கேயே நிறுத்திவிடுவார்கள்.

அடுத்ததாக, பலரும் நம்பியிருக்கும் ஐசோடோப் ஸ்கேன். இதயத் தசைக்கு எந்தப் பக்கம் ரத்தம் குறைகிறது என்பதை அது படமாகக் காட்டும். காட்டும் முறை ஒப்பீடுதான்: நன்றாக ஒளிரும் பகுதியோடு மங்கிய பகுதியை வைத்துப் பார்ப்பது. தலைமதகில் அடைப்பு என்றால் முன்புறமும் பக்கவாட்டும் பின்புறமும் ஏறக்குறைய ஒரே அளவில் மங்கிவிடலாம், குறிப்பாக வலது குழாயிலும் அடைப்பு சேர்ந்திருந்தால். எல்லாமே மங்கினால் எது மங்கல் என்று எதை வைத்துச் சொல்வது? ஸ்கேன் 'இயல்பு' என்று வந்துவிடும். 'சமநிலைக் குறைபாடு' என்று சொல்லத்தக்க இந்த ஏமாற்று, இந்த நோயைக் கண்டறிவதில் உள்ள மிகப் பெரிய பள்ளம். தேர்ந்த மருத்துவர் படத்தை மட்டும் பார்க்கமாட்டார். உழைப்புக்குப் பிறகு இடது கீழறை வீங்கித் தெரிகிறதா, சோதனையின்போது அழுத்தம் இறங்கியதா, நோயாளி சொல்லும் வலி எப்படிப்பட்டது என்று எல்லாவற்றையும் சேர்த்தே எடைபோடுவார். ஸ்கேன் நன்றாக வந்தும் வலி தொடர்ந்தால், அதைத் திரும்பவும் போய்ச் சொல்லுங்கள்.

சிடி ஆஞ்சியோகிராம் இந்த விஷயத்தில் நல்ல துணை. லெஃப்ட் மெயின் தடிமனானது, அசைவு குறைந்தது. ஆகவே படம் தெளிவாக விழும். சுண்ணாம்பு அதிகம் இறுகியிருந்தால் மட்டும் அடைப்பு உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும்.

கம்பி வழியே செய்யும் ஆஞ்சியோகிராம்தான் இன்னும் இறுதிப் பரிசோதனை. இது பிறந்ததே ஒரு தற்செயலில். 1958இல் அமெரிக்காவின் கிளீவ்லண்ட் கிளினிக்கில் மேசன் சோன்ஸ் என்ற மருத்துவர் மகாதமனிக்குள் சாயம் செலுத்த முயன்றபோது, குழாய் நழுவி வலது இதயத் தமனிக்குள் போய்விட்டது. சாயம் முழுவதும் அதற்குள் பாய, இதயம் சில நொடிகள் நின்று பிறகு துடித்தது. இதயக் குழாய்க்குள் நேரடியாகச் சாயம் செலுத்தினால் மனிதர் தாங்குவார் என்று உலகுக்குத் தெரிந்தது அப்போதுதான். இன்று அது அன்றாடப் பரிசோதனை. லெஃப்ட் மெயின் வாயிலில் கடும் அடைப்பு இருந்தால் மட்டும் கூடுதல் கவனம் தேவைப்படும்: கம்பிக்குழாயின் நுனியே வழியை அடைத்துக்கொள்ளும், திரையில் அழுத்தக் கோடு சட்டென்று விழும். அதைக் கண்டதும் மருத்துவர் நுனியை விலக்கி, ஓரிரு படங்களோடு முடித்துக்கொள்வார்.

படம் கிடைத்துவிட்டாலும் கேள்வி தீர்வதில்லை. ஆஞ்சியோ காட்டுவது நிழல். குழாயோ குட்டையானது, அடைப்புள்ள இடத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க நல்ல பகுதி பக்கத்தில் இருக்காது. அதனால் ஒரே படத்தைப் பார்த்து ஒரு மருத்துவர் 40 என்பார், இன்னொருவர் 60 என்பார். இந்த இழுபறியில் இரண்டு கருவிகள் உதவுகின்றன. ஒன்று ஐவஸ்: மெல்லிய கம்பியின் நுனியில் உள்ள அல்ட்ராசவுண்ட், குழாய்க்குள்ளிருந்தே அதன் உட்பரப்பை அளந்துவிடும். 6 சதுர மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் பொதுவாகத் தொடாமல் விடலாம். உடல்வாகு சிறிதாக உள்ளவர்களுக்கு 4.5 என்ற அளவே பொருந்தும் என்று கொரிய மருத்துவர்களின் ஆய்வு சொல்கிறது. மற்றொன்று எஃப்எஃப்ஆர்: அடைப்புக்கு முன்னும் பின்னும் அழுத்தத்தை அளப்பது. முன்னால் 100, பின்னால் 78 என்றால் விடை 0.78. 0.80 அல்லது அதற்குக் கீழே போனால் அந்த அடைப்பு இதயத்தைப் பட்டினி போடுகிறது என்று பொருள். நடுத்தர அளவு அடைப்பை வைத்துப் பெரிய முடிவெடுக்கச் சொன்னால், 'இந்த இரண்டில் ஒன்றைச் செய்து பார்த்தீர்களா?' என்று தயங்காமல் கேட்கலாம்.

மருந்து மட்டும் போதுமா?

ஆஸ்பிரினும் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டினும் ஏறக்குறைய எல்லோருக்கும் வேண்டும். இதயத் துடிப்பைத் தணிக்கும் பீட்டா பிளாக்கர், ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்குமான மருந்துகள் தேவைப்படுவோருக்கு வேண்டும். அறுவை சிகிச்சை செய்துகொண்டாலும் வேண்டும். ஆனால் கடும் லெஃப்ட் மெயின் அடைப்புக்கு அவை மட்டும் போதாது. 1970களில் அமெரிக்க ராணுவ ஓய்வு வீரர் மருத்துவமனைகளில் நடந்த ஆய்விலேயே பைபாஸ் செய்துகொண்டவர்கள் கூடுதல் காலம் வாழ்ந்தது தெரிந்தது. காஸ் என்ற பெரிய அமெரிக்கப் பதிவேட்டைத் தொடர்ந்து கவனித்ததில், மருந்தோடு நின்றவர்களில் பாதிப் பேர் உயிரோடிருந்த காலம் 6.6 ஆண்டு, பைபாஸ் செய்தவர்களில் அது 13.3 ஆண்டு. அன்று ஸ்டாட்டின் மருந்துகள் வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இன்றைய மருந்துகளோடு அந்த இடைவெளி குறையலாம். ஆனால் மருந்தை மட்டும் நம்பி அதைச் சோதித்துப் பார்க்க மருத்துவ உலகம் துணியவில்லை.

2020இல் வெளியான இஸ்கீமியா ஆய்வைச் சிலர் எடுத்துக்காட்டுவார்கள். நிலையான நெஞ்சுவலி உள்ளவர்களுக்கு மருந்தோடு தொடங்குவதும், உடனே ஸ்டென்ட் அல்லது பைபாஸ் செய்வதும் உயிர்காப்பதில் பெரிதாக வேறுபடவில்லை என்றது அது. உண்மைதான். ஆனால் லெஃப்ட் மெயினில் 50 சதவீதமோ அதற்கு மேலோ அடைப்பு உள்ளவர்களை அந்த ஆய்வில் சேர்க்கவே இல்லை. அதன் முடிவை இங்கே கொண்டுவந்து பொருத்துவது ஆபத்து.

கத்தியா, கம்பியா?

பைபாஸ் என்பது அடைப்பைத் தொடாமல், அதைத் தாண்டி மாற்றுப் பாதை போடுவது. கிளீவ்லண்டிலேயே 1967இல் ரெனே ஃபவலோரோ என்ற அர்ஜென்டினா நாட்டு அறுவை மருத்துவர் காலிலிருந்து எடுத்த சிரையைக் கொண்டு இதைச் செய்து காட்டி, முறையாக்கினார். இன்று எல்ஏடிக்கு மார்பின் உட்பக்கத் தமனியை இணைப்பதே வழக்கம். பத்தாண்டு கழித்தும் பத்தில் ஒன்பது இணைப்புகள் திறந்திருக்கும்; கால் சிரைக்கு அத்தனை ஆயுள் இல்லை. பைபாஸின் பெரிய பலம் இது: புதுப் பாதை கீழே போய்ச் சேர்வதால், நடுவில் இனிமேல் வரப்போகும் அடைப்புகளுக்கும் அது காப்பாக நிற்கிறது. விலையாகக் கொடுக்க வேண்டியது நெஞ்செலும்பைத் திறக்கும் பெரிய அறுவை, இரண்டு மூன்று மாத மீட்சி, தொற்று, இதயத் துடிப்புத் தாறுமாறாவது, சிலருக்குப் பக்கவாதம்.

ஸ்டென்ட் உள்ளே போய் அடைப்பையே விரிக்கிறது. ஆண்ட்ரியாஸ் க்ரூன்ட்ஸிக் 1977இல் சூரிச் நகரில் முதல் பலூன் சிகிச்சை செய்தபின் நெடுங்காலம் லெஃப்ட் மெயின் தொடக்கூடாத இடமாகவே இருந்தது. பலூன் விரிந்திருக்கும் சில நொடிகளுக்கு இடது கீழறையின் பெரும்பகுதிக்கு ரத்தம் நின்றுவிடும்; குழாய் கிழிந்தால் பிழைப்பது அரிது. மருந்து பூசிய ஸ்டென்ட்கள் வந்த பிறகு நிலை மாறியது. அடைப்பு வாயிலிலோ தண்டின் நடுவிலோ இருந்தால் ஒரே ஸ்டென்டில் வேலை சுத்தமாக முடியும். கிளைமுனையில் இருந்தால்தான் கைத்திறன் வேண்டும். ஒரு ஸ்டென்டை எல்ஏடி பக்கம் நீட்டி வைத்து, சர்க்கம்ஃப்ளெக்ஸ் வாயைப் பலூனால் திறந்துவிடுவது ஒரு முறை. இரண்டு ஸ்டென்ட் வைத்து முனையை வார்ப்பது மற்றொன்று. சீனாவை மையமாகக் கொண்டு 482 பேரிடம் நடந்த ஆய்வில், 'டிகே கிரஷ்' என்னும் இரட்டை ஸ்டென்ட் முறையில் ஓராண்டுக்குள் சிகிச்சை பிசகியது 5 சதவீதம். ஒற்றை ஸ்டென்டில் தொடங்கும் முறையில் 10.7 சதவீதம். அந்த முறையில் பழகிய கைகள் செய்தது அது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். வைத்து முடித்ததும் ஐவஸ் கொண்டு ஸ்டென்ட் முழுதாக விரிந்திருக்கிறதா என்று பார்ப்பது, லெஃப்ட் மெயினைப் பொறுத்தவரை, தவிர்க்கக் கூடாத வேலை என்றே நினைக்கிறேன்.

எது மேல்? 2016இல் எக்செல், நோபிள் என்ற இரண்டு பெரிய ஆய்வுகள் வந்தன. மூன்றாண்டு முடிவில் ஸ்டென்ட் பைபாஸுக்குக் குறைந்ததல்ல என்றது எக்செல். ஐந்தாண்டுக் கணக்கில் பைபாஸே மேல் என்றது நோபிள். எக்செல்லின் ஐந்தாண்டு முடிவு 2019இல் வந்தபோது எந்தக் காரணத்தாலும் நேர்ந்த மரணம் ஸ்டென்ட் பக்கம் 13 சதவீதம், பைபாஸ் பக்கம் 9.9 சதவீதம். பெரிய சர்ச்சை வெடித்தது. சிகிச்சையின்போதே இதயத் தசைக்கு ஏற்படும் சிறு சேதத்தை மாரடைப்பு என்று கணக்கிடுவதா வேண்டாமா என்பதே சண்டையின் மையம். அந்த வரையறையை மாற்றினால் வெற்றி தோல்வியே மாறிவிடும். லெஃப்ட் மெயின் பற்றிய ஐரோப்பிய வழிகாட்டுதலுக்குக் கொடுத்திருந்த ஆதரவை ஐரோப்பிய இதய அறுவை மருத்துவர் சங்கம் திரும்பப் பெற்றது.

பிறகு நான்கு ஆய்வுகளின் 4394 நோயாளிகளை ஒன்றாகச் சேர்த்துக் கணக்கிட்டு 2021இல் வெளியிட்டார்கள். ஐந்தாண்டில் மரணம் ஸ்டென்டில் 11.2, பைபாஸில் 10.2 சதவீதம், புள்ளியியல் கணக்கில் இது வேறுபாடு என்று சொல்லும் அளவு இல்லை. பின்னாளில் தானாக வரும் மாரடைப்பு 6.2க்கு 2.6. மறுபடி சிகிச்சை தேவைப்பட்டது 18.3க்கு 10.7. பக்கவாதம் மொத்தத்தில் ஏறக்குறைய சமம். முதல் ஆண்டில் மட்டும் ஸ்டென்ட் பக்கம் குறைவு. இந்த எண்களை நான் படிப்பது இப்படி: பைபாஸ் வலியை முன்கூட்டியே வாங்கிக்கொண்டு பிற்காலத்துக்கு நிம்மதி தருகிறது, ஸ்டென்ட் இன்று இலேசாக விட்டுவிட்டு, ஐந்தில் ஒருவரைத் திரும்ப வரச் சொல்கிறது. 50 வயதுக்காரருக்கும் 82 வயதில் நுரையீரல் நோயோடு இருப்பவருக்கும் இந்தப் பேரம் ஒன்றாக இருக்க முடியாது.

அடைப்புகள் எவ்வளவு சிக்கலானவை என்று மதிப்பெண் போட சின்டாக்ஸ் ஸ்கோர் என்ற முறை உண்டு. 22 வரை எளிது, 33 அல்லது அதற்கு மேல் சிக்கல். மதிப்பெண் கூடக் கூட, சர்க்கரை நோய் இருந்தால், இதயத்தின் பம்பு சக்தி குறைந்திருந்தால், தராசு பைபாஸ் பக்கம் சாயும். அறுவையைத் தாங்காத உடல், குறைந்த மதிப்பெண், வாயிலிலோ தண்டிலோ உள்ள அடைப்பு என்றால் ஸ்டென்ட் பக்கம். ரத்தத்தை இளக்கும் மாத்திரைகளைப் பல மாதம் தொடர முடியாதவருக்கு ஸ்டென்ட் வைப்பது சிக்கலை விலைக்கு வாங்குவது.

அதனால்தான் வழிகாட்டுதல்கள் அனைத்தும் ஒன்றை வலியுறுத்துகின்றன: ஸ்டென்ட் வைப்பவரும் அறுவை மருத்துவரும் சேர்ந்து உட்கார்ந்து படத்தைப் பார்த்து முடிவு சொல்ல வேண்டும். மாரடைப்போடு வந்து, அழுத்தம் விழுந்து, உயிர் ஊசலாடுகிறது என்றால் யோசிக்க நேரமில்லை; அங்கேயே திறக்க வேண்டியதுதான். ஓய்விலும் வலி வந்துகொண்டிருந்தால் மருத்துவமனையிலேயே தங்கி சில நாளில் முடிவெடுக்க வேண்டும். ஆனால் நோயாளி நிலையாக, வலியில்லாமல் இருக்கும்போது, ஆஞ்சியோ மேசையிலேயே படுக்கவைத்துக்கொண்டு வெளியே இருக்கும் உறவினரிடம் ஐந்து நிமிடத்தில் கையெழுத்துக் கேட்பது முறையல்ல. 'அறுவை மருத்துவரிடமும் பேச வேண்டும்' என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. 'சின்டாக்ஸ் ஸ்கோர் எவ்வளவு? அடைப்பு கிளைமுனையிலா? ஒரு ஸ்டென்டா, இரண்டா? இங்கே லெஃப்ட் மெயின் சிகிச்சை அடிக்கடி செய்கிறீர்களா?' என்று கேளுங்கள். நல்ல மருத்துவர் இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிக்கமாட்டார்.

வீடு திரும்பிய பிறகு

எந்த வழியில் போயிருந்தாலும் ஆஸ்பிரினும் ஸ்டாட்டினும் பெரும்பாலும் ஆயுள் முழுக்க. கெட்ட கொழுப்பைப் பழைய அளவில் பாதிக்கும் கீழே இறக்கி, டெசிலிட்டருக்கு 55 மில்லிகிராமுக்குக் கீழே வைக்கச் சொல்கிறது ஐரோப்பிய வழிகாட்டுதல். புகையிலையை விட வேண்டும். இதில் குறைத்துக்கொள்வது என்ற பேச்சே இல்லை. பைபாஸ் செய்தவர்கள் நெஞ்செலும்பு கூடும் வரை கனமான எதையும் தூக்கக் கூடாது.

ஸ்டென்ட் வைத்தவர்கள் ஆஸ்பிரினோடு குளோபிடோகிரல் போன்ற இன்னொரு மாத்திரையையும் சேர்த்து எடுக்க வேண்டும்: நிலையான நிலையில் வைத்திருந்தால் வழக்கமாக ஆறு மாதம், மாரடைப்பில் வைத்திருந்தால் ஓராண்டு. பல் பிடுங்க வேண்டும், வேறொரு அறுவை இருக்கிறது என்று யாராவது அந்த மாத்திரையை நிறுத்தச் சொன்னால், முதலில் இதய மருத்துவரைக் கேளுங்கள். மற்றக் குழாயில் ஸ்டென்ட் உறைந்துபோனால் அது ஒரு மாரடைப்பு. லெஃப்ட் மெயினில் உறைந்துபோனால் மருத்துவமனை வரை போய்ச் சேரவே நேரம் கிடைக்காமல் போகலாம். ஸ்டென்ட் எந்த நாளில், எந்தக் குழாயில் வைத்தது என்ற விவரம் உள்ள அட்டையைச் சட்டைப்பையிலோ கைப்பையிலோ எப்போதும் வைத்திருங்கள். அதன் நகல் வீட்டில் இன்னொருவரிடமும் இருக்கட்டும்.